சாமான் பொதியும் மதகும்

2025 ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்கு வருசப் பிறப்பு. பின்னேரம் ஓட்டோ ஒன்று எங்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள் வந்து வீடு வீடாக நின்றது. அரிசி, பருப்பு, சீனி, பால்மா. மேலே மடித்த தேர்தல் துண்டுப்பிரசுரம். "அண்ணை தந்துவிட்டவர்" என்றான் பெடியன். வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாங்கினார். தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிறவர்; அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வெளிநாட்டுக் காசு வருகிற மாடி வீட்டிலும் "எங்களுக்கு ரெண்டு பொதி தாங்கோ" என்று கேட்டார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 19, சனி

சனசமூக நிலையத்தில் இதே கதை. வாக்குக்காகக் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் தேர்தல் சட்டப்படி குற்றம் என்று நான் சொன்னபோது பலர் முழித்தார்கள். 2018 பெப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் எங்கள் உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல். 2023 மார்ச் 9 நடக்க வேண்டியது, காசில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று போன ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு இழுபட்டுக் கையில் கிடைத்த வாக்கு இது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வேட்பாளர் ஒருவர் கும்பிட்டபடி வந்து இனப்பிரச்சினைத் தீர்வு பற்றிப் பேசினார். "அதையும் பேசுங்கோ. இப்ப இதைப் பாருங்கோ" என்று ஒழுங்கை முகப்பு மதகுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே பிளாஸ்ரிக் போத்தல், சொப்பிங் பை, உடைந்த வாளி. போன நவம்பர் வெள்ளம் இதில் முட்டித் திரும்பி அக்காவின் கிணற்றுக்குள் இறங்கியது. வருசம் முழுக்க ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் மழைதான் நமக்குக் குடிதண்ணீர். மேலே தேங்கும் அழுக்கும் அதோடு சேர்ந்துதான் இறங்கும். வாய்க்கால், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பிரதேச சபையின் வேலை. "தேர்தலில வெண்டால் முதல் வேலை இதுதான்" என்றுவிட்டுப் போனார்.

பிறகு வந்த பெண் வேட்பாளர் குனிந்து பார்த்து, "தண்ணி எங்கால போகோணும்?" என்று கேட்டார். வாய்க்காலோடு நடந்து போனோம். மாடி வீட்டு மதிலடியில் அது நிரவப்பட்டுக் கிடந்தது. எத்தனையோ தரம் அதைக் கடந்து போகிற சனம் நாங்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மே 5, திங்கள்

"பொதி தந்தவைக்குத்தானே போடோணும்?" என்று அக்கா கேட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்தவர். அந்த நல்ல மனதைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள். "வாக்கு இரகசியம் அக்கா. உங்கட கிணத்தை நினைச்சுப் போடுங்கோ" என்றேன்.

மே 6, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வரிசை. இடது சின்ன விரலில் மை. அக்கா யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

சிரமதானம். பெடியள் மதகைத் துப்புரவாக்கினார்கள். வாய்க்காலைத் திறந்துவிடக் கேட்டுச் சபைக்கு ஒரு கடிதமும் எழுதினோம். முதல் கையெழுத்து அக்காவுடையது. மாடி வீட்டுக்காரர் இன்னும் வைக்கவில்லை. நாளைக்கு அக்காவும் நானும் போய்க் கேட்கிறோம்.