வெளிநாடு போனால் ஒரு மாலையைச் சிரிப்புக்குக் கொடுங்கள்

வெளிநாட்டு நகரத்துக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது, ஒருவர் தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை அரங்கைத்தான். அருங்காட்சியகம் ஊரின் பெருமையைக் காட்டும். மைக் பிடித்து நிற்பவரோ ஊரின் எரிச்சலைச் சொல்வார்: வீட்டு வாடகை, தாமதமாக வரும் ரயில், பிடிக்காத மேயர். ஊர்க்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கவனித்தாலே, எதையெல்லாம் சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ச்சிகள் உண்டு. நியூயார்க் என்றால் 1982இல் தொடங்கிய காமெடி செல்லார் அரங்கு. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அமெரிக்க அரங்குகள் பலவற்றில் டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு இரண்டு பானமோ உணவோ வாங்கியே ஆக வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ போக வாய்த்தால் விடவே விடாதீர்கள். அங்கே அப்போது நடக்கும் ஃப்ரிஞ்ச் கலை விழாவில் நுழைவுக் கட்டணமே இல்லாத நிகழ்ச்சிகள் ஏராளம். முடிந்ததும் கலைஞரே வாசலில் வாளியுடன் நிற்பார். தயவுசெய்து தாராளமாகப் போடுங்கள், பலருக்கு அன்றைய கூலியே அதுதான்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கைப்பேசியில் மட்டும் படம் பிடிக்காதீர்கள். இன்னும் பக்குவப்படாத நகைச்சுவையை நம்மை நம்பித்தான் சொல்லிப் பார்க்கிறார்கள்.