ஊடகச் சட்டத் தாள்: 1695 என்ற ஆண்டு என்னைக் கவிழ்த்த கதை

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை ஏன் போனது என்பது விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பத்திரிகைச் சுதந்திரம் பாதுகாக்கப்பட்ட உரிமையாக எப்படி உருவானது என்ற கேள்விக்கு, ஆங்கிலக் கவிஞர் மில்டனில் ஆரம்பித்து "1695இல் இங்கிலாந்தில் இந்த உரிமை கிடைத்தது" என்று மூன்று பக்கம் நிரப்பியிருந்தேன். திருத்தியவர் அந்த வரியைச் சுழித்து, "யார் கொடுத்தார்கள்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

யாரும் கொடுக்கவில்லை. 1662ஆம் ஆண்டின் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானது, நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். மக்களவை சொன்ன காரணங்களும் சில்லறைக் காரணங்கள்: அச்சக வணிகர் சங்கத்தின் ஏகபோகம், சுங்கத்தில் புத்தகப் பெட்டிகள் தேங்குவது, இப்படி. கருத்துச் சுதந்திரம் என்ற பேச்சே அதில் இல்லை. முன்தணிக்கை, அதாவது அச்சிடும் முன் அனுமதி வாங்கும் முறை, போனது, ஆனால் அச்சிட்ட பிறகு அவதூறு, அரசத் துவேஷம் என்று பிடித்து உள்ளே தள்ளலாம். 1769இல் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன்கூட வெளியீட்டுக்கு முன்னால் தடை இல்லாததுதான் சுதந்திரம் என்றே எழுதினார்.

அதனால் இரண்டாம் முறை ஒவ்வொரு சம்பவத்தையும் இப்படித்தான் சோதித்தேன்:

- முன்தணிக்கை ஒழிந்ததா?
- அச்சிட்ட பின் தண்டனை குறைந்ததா?
- உரிமை என்று எழுதி வைத்தார்களா?
- அடுத்து வரும் ஆட்சியாளர் சுலபமாகப் பிடுங்க முடியாதபடி எழுதினார்களா?

இந்த நான்கையும் வைத்தால் ஸ்வீடன் தானாக மேலே வந்துவிடும். 1766 டிசம்பர் 2, பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், அதுவும் அடிப்படைச் சட்டம் என்ற தகுதியோடு. பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ், ஒரு பாதிரியார். அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையும் அதிலேயே வந்தது. மதநூல்களுக்கு மட்டும் தணிக்கை நீடித்தது, இதை எழுதினால் நிச்சயம் கவனிப்பார்கள். மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1772இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1774இல் சட்டத்தைச் சுருக்கிவிட்டார். ஆக நான்காவது கேள்வியில் ஸ்வீடனும் அப்போது தோற்றது. என் விடையிலேயே எனக்குப் பிடித்த பத்தி இதுதான்.

டென்மார்க்கில் 1770இல், மன்னரின் மருத்துவராக இருந்து ஆட்சியைக் கையில் எடுத்த ஸ்ட்ரூயன்ஸே தணிக்கையை அடியோடு ஒழித்தார். துண்டுப் பிரசுரங்கள் அவரையே கிழிக்க ஆரம்பித்ததும் அடுத்த ஆண்டே கட்டுப்பாடு வந்தது. மில்டனும் அப்படித்தான்: 1644இல் உரிம முறையை எதிர்த்து எழுதியவர், 1651இல் ஒரு செய்தித்தாளுக்கு உரிமம் வழங்கும் வேலை பார்த்தார். இந்த மாதிரி முரண்கள் எனக்கு மனதில் ஒட்டிக்கொள்ளும், ஆண்டுகள் ஒட்டாது. உங்களுக்கு மனப்பாடம் வரும் என்றால் அட்டவணை போட்டே படியுங்கள்.

ஸெங்கர் வழக்கு (1735, நியூயார்க்) எல்லோரும் ஒரு பக்கம் எழுதுவார்கள், நீங்கள் நாலு வரியில் நிறுத்துங்கள். ஆளுநரை விமர்சித்து அச்சிட்டதற்காக வழக்குக்கு ஆளான அச்சகர் ஸெங்கரை ஜூரி விடுவித்தது, சட்டம் மாறவில்லை. வாதாடியவர் ஆண்ட்ரூ ஹாமில்டன். பின்னாளில் அமெரிக்க அரசியலில் பேர் பெற்ற அலெக்சாண்டர் ஹாமில்டன் அப்போது பிறக்கவே இல்லை, அந்தத் தப்பையும் முதல் முறை நான் செய்திருந்தேன்.

அப்புறம் வேகமாக: 1776 வர்ஜீனியா உரிமைப் பிரகடனம், 1789 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் பிரிவு 11, 1791 அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், 1792 இங்கிலாந்தில் அவதூறு வழக்கில் முழுத் தீர்ப்பும் ஜூரி கையில். முதல் திருத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஏழே ஆண்டில், 1798இல், அரசை விமர்சித்தவர்களைச் சிறையில் போட அதே அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்) சட்டம் போட்டது. நான் கடைசிப் பத்தியில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், மணி அடித்துவிட்டது, பாதி வாக்கியத்தோடு தாளைக் கொடுத்தேன்.