பால் கவரில் வளர்ந்த நாவல்

எங்கள் தெரு என்பது உண்மையில் ஒரு படிக்கட்டு. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் மூச்சு வாங்க ஏறினால் வரும். 112 படி, 23 வீடு. வண்டி வராது, கேஸ் சிலிண்டர் தோளில்தான் ஏறும். ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் தடுப்புச்சுவர், அதற்கு மேலே ஒரு சரிவு, சரிவின் அந்தக் கோடியில், பள்ளத்தில் ஒரு ஓடை. சரிவில் ஒரு பெரிய கற்பூர மரம் நின்றது. சமவெளிக்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள், எங்களுக்குக் கற்பூர மரம். ஒரு மழை இரவில் அது சாய்ந்து இரண்டு வீட்டு ஓட்டுக் கூரையை நொறுக்கியது. ஆளுக்குச் சேதமில்லை. மரத்தை அறுத்து எடுத்த பிறகு சரிவு முழுக்க உண்ணிச்செடி மண்டிவிட்டது. நான் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். ஜன்னலைத் திறந்தால் அந்தப் புதர்தான் தெரியும். அங்கே மரம் நட்டால் என்ன என்று தோன்றியது அப்படித்தான்.

2022 ஜூன் 5 ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. உலகச் சுற்றுச்சூழல் நாள். நகராட்சியில் கடிதம் கொடுத்து, நாற்றங்காலில் 20 கன்று வாங்கி, வீடு வீடாகப் போய் அழைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். குழி வெட்டினோம், நட்டோம், போட்டோ எடுத்தோம். அம்மா வடை சுட்டுக் கொடுத்தாள். அந்த வடையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

2023 மார்ச்சில் உயிரோடு இருந்தவை மூன்று.

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். செப்டம்பரில் புல் வெட்ட வந்த ஆட்கள் புல்லோடு சேர்த்து ஆறு கன்றைச் சீவிவிட்டார்கள். ஒரே இரவில் நான்கு காட்டு மாடுகள் ஓடைக்கு இறங்கிய வழியில் ஐந்து போயின. மிச்சம் ஆறு மாசி வெயிலில் காய்ந்தன. நட்ட நாளும் தப்பு. ஜூன் மழை கூடலூர், பந்தலூர் பக்கத்துக்குத்தான். குன்னூர் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது, எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூனில் காற்றும் சாரலும்தான். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறேன், இருந்தும் காலண்டரைப் பார்த்து நட்டேன்.

"இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் அக்கறை இல்லம்மா" என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"நீ வடை குடுத்தே, வேலை குடுத்தியா?" என்றாள்.

அந்த ஏப்ரலில் மறுபடி 23 வீட்டுக்கும் போனேன், ஒரு நோட்டோடு. இந்தத் தடவை யாரையும் அழைக்கவில்லை. எதிரே மரம் வந்தால் உங்களுக்கு என்ன இடைஞ்சல் என்று மட்டும் கேட்டேன். முதல் தடவை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியவர்கள் இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சொல்ல அவ்வளவு இருந்தது.

அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற ஐயா சட்டத்தை எடுத்தார். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே அமலில் இருக்கிறது. சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது, ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். "வெச்சுட்டா வெட்ட முடியாதும்மா. நாளைக்கு அது என் கூரை மேல சாஞ்சு நின்னா நான் மனு எழுதிட்டு உக்காந்திருக்கணும். அதனாலதான் இங்க எவனும் வெக்கறதில்ல." மரத்தைக் காக்க வந்த சட்டம் மரம் நட விடாமல் செய்கிறது என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் இந்த மலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அவர் பயமும் பொய்யில்லை.

கீழ்வீட்டு அக்காவுக்குக் கரடி. "பழ மரம் மட்டும் வேணாம் டீச்சர். ராத்திரி பையன் பாத்ரூமுக்கு வெளிய போகணும்." கடைக் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் ஊர்க் கரடிகளுக்கு நாவல் பழத்தை வாசலில் வைத்தால் கேட்கவா வேண்டும்.

கொத்தனார் அண்ணன் தடுப்புச்சுவரைக் காட்டினார். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு சுவர் கட்டியே பிழைத்தவர் அவர். "வேர் மண்ணைப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. சுவருக்குப் பின்னாடியே வெச்சா சுவரைத்தான் தள்ளும். தண்ணி வடியற ஓட்டைய அடைக்கும். ஆறு அடி தள்ளி வை, அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தண்ணீர் எல்லோரும் சொன்னது. ரேலியா அணையில் மட்டம் இறங்கினால் எங்கள் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் போய் செடிக்கு ஊற்றுங்கள் என்றால் அடிதான் விழும்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது 71ஆம் படி வீட்டுப் பாட்டி சொன்னது. "நிழல் நிழல்ங்கறியே, இங்க நிழலை வெச்சு என்ன பண்ண? துணி எங்க காயும்?" மதுரையிலும் திருச்சியிலும் நிழல் என்றால் மரத்துக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. இங்கே மூட்டம் போட்டால் ஒரு சட்டை காய நான்கு நாள் ஆகும். வெயில்தான் சொத்து. பாட்டி கைத்தடியால் காட்டினார்: "மார்கழி தை மாசம் வெயில் தெக்கால சாஞ்சு, அந்தக் கற்பூர மரக் கட்டை மேலதான் வரும். அந்த வழியில மட்டும் வெக்காதே." நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதற்குப் பாட்டி வெயில் என்று பெயர்.

இந்த ஆட்சேபங்களையே படமாக வரைந்தேன். சுவரிலிருந்து ஆறு அடி காலி. பாட்டி வெயில் காலி. பழம் தரும் நாவலும் விக்கியும் வீடுகளை விட்டுத் தள்ளி, ஓடைப் பக்கம். படிக்கட்டுக்கு அருகே உயரம் போகாத காட்டுப் பூவரசு. சமவெளியில் மஞ்சளாகப் பூக்கிற பூவரசு என்று நினைத்துவிடாதீர்கள், மலை உச்சியில் சோலை ஓரம் முறுக்கிக்கொண்டு நிற்கும் ரோடோடென்ட்ரான் இது. கூரை மேல் சாயும் அளவுக்கு வளராது. நடுவில் காட்டுச் செண்பகம். வெளிநாட்டிலிருந்து வந்த கற்பூரமோ, சீகை என்கிற வாட்டில் மரமோ ஒன்றுகூடக் கிடையாது. படத்தைக் கார்டைட் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். "ரெண்டு செண்பகம் கூட வெக்கலாம், இங்க" என்று விரலை வைத்தார். மரமே வேண்டாம் என்றவர்!

கன்று விலைக்கு வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன், விதையாக ஒவ்வொரு வீட்டிலும் வளரட்டும் என்று. அந்த வருஷம் நண்பர் வீட்டு எல்லையில் மலை நாவல் பழம் உதிர்ந்த வாரமே பொறுக்கி வந்தோம். நாவல் விதை காய்ந்தால் போச்சு, சில நாட்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். செண்பக விதைக்குச் சிவப்பாக ஒரு சதைத் தோல் உண்டு. அதைச் சாம்பலில் தேய்த்துக் கழுவ வேண்டும். டியூஷன் பிள்ளைகள் கை எல்லாம் கறையோடு செய்தார்கள். விக்கி உருத்திராட்சக் குடும்பம், கொட்டை கல் மாதிரி. 40 போட்டு இரண்டுதான் முளைத்தது. காட்டுப் பூவரசு விதை தூசு மாதிரி இருக்கும், அது என் பொறுமைக்கு மீறியது. ஆறு கன்று வாங்கிவிட்டேன். முடிவை நானே மீறியது அந்த ஒரு இடத்தில்தான்.

பைக்கு என்ன செய்வது? நீலகிரியில் கேரி பேக் கிடையாது. ஆனால் பால் கவர் தினமும் வீட்டுக்கு வீடு வருகிறது. மண் கலவையில் முதலில் சறுக்கினேன். முக்கு டீக்கடையில் வாளி நிறையச் சக்கை வாங்கி வந்து அப்படியே மண்ணோடு கலந்தேன். பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சை, முளைத்ததெல்லாம் தண்டு அழுகிச் சாய்ந்தது. 71ஆம் படிப் பாட்டி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷம் எஸ்டேட் நாற்றங்காலில் தேயிலைப் பதியன் போட்டவர் அவர், எனக்குத் தெரியாது. "சக்கைய மூணு மாசம் மக்க விடணும். பையோட கீழ்ப் பாதியில மட்டும் ஓட்டை போடு. மண்ணை அமுக்காதே, தட்டு. தட்டினாத்தான் வேருக்குக் காத்து." அன்றிலிருந்து அவர் வீட்டுத் திண்ணைதான் நாற்றங்கால் அலுவலகம். முதலில் ஈரச் சாக்கு நிழல், பிறகு வாரம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துவது, அடியில் வேர் சுருளாமல் பையைத் தூக்கித் தூக்கி வைப்பது எல்லாம் அவர் உத்தரவு.

முளைத்த பிறகு வீட்டுக்கு ஒரு கவர், சிலருக்கு இரண்டு. நான்கு வீடுகள் வேண்டாம் என்றன. வற்புறுத்தவில்லை. ஜன்னல் விளிம்பு, மாடிப்படி, மீட்டர் பெட்டிக்கு அடியில் என்று 15 மாதம் இருந்தன. சோலை மரங்களுக்கு அவசரமே கிடையாது. ஆனால் தெருவுக்கு அவசரம் வந்துவிட்டது. யாருடையது எத்தனை இலை என்று போட்டி. "என்னோடத மாத்தி வெச்சுட்டாங்க, என்னோடது ஒன்பது இலை" என்று ஒரு சண்டை படிக்கட்டில் ஒரு வாரம் ஓடியது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பஞ்சாயத்து செய்தேன்.

இடையில் ஒரு குழு 100 கன்று இலவசமாகத் தருவதாகவும், மேலே மொட்டையாகக் கிடக்கும் புல் மேட்டில் நடலாம் என்றும் வந்தது. மறுத்துவிட்டேன். அது மொட்டை இல்லை, புல்வெளி. இந்த மலையில் மடிப்பில் சோலை, மேட்டில் புல், இரண்டும் சேர்ந்துதான் ஓடைக்குத் தண்ணீர் விடுகின்றன. குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான். எங்களுடையது மரம் போன சரிவு, அங்கே நடுவது வேறு கணக்கு.

2024 ஐப்பசியில், இரண்டு நல்ல மழை மண்ணில் இறங்கிய பிறகு, நட்டோம். இந்தத் தடவை யாரையும் அழைக்கவில்லை, கவரைத் தூக்கிக்கொண்டு அவர்களே வந்தார்கள். ஒன்றரை அடிக் குழி, சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி வரப்பு, தண்ணீர் நிற்க. மொத்தம் 34. கிழித்த கவர்களை எண்ணி வாங்கினேன், ஒன்று குறைந்ததற்கு ஒரு பையனைத் திரும்ப அனுப்பினேன். காட்டு மாட்டுக்கு ஊசிக்கலா முள்ளை வெட்டி வளையமாக வைத்தோம். வடை இல்லை. அம்மாவுக்கு வருத்தம்.

டிசம்பரில் நீர்ப்பனி ஆரம்பித்து, ஜனவரியில் ஓடைப் பள்ளத்தில் உறைபனி விழுந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வைத்து மூடுவார்கள். அதையே செய்தோம். மூட மறந்த இரண்டு நாவல் வெந்த கீரை மாதிரி கறுத்துப்போனது.

மாசியில் தண்ணீர்ப் பிரச்சினை. முறை வைத்து ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டே வாரம் ஓடியது. ஆனால் அவரவர் செடிக்கு மட்டும் அவரவர் அரிசி கழுவிய தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் போய்க்கொண்டே இருந்தது. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். ஒருவர் துணி அலசிய சோப்புத் தண்ணீரை ஊற்றி ஒரு செண்பகத்தைக் கொன்றார். அவர் பெயரை எழுதினால் படிக்கட்டில் நடமாட முடியாது. முள்ளையும் மீறிக் காட்டு மாடு மூன்றை மிதித்தது. ஒன்று ஏன் போனது என்றே தெரியவில்லை. 34இல் ஏழு போய் 27.

2025 செப்டம்பரில் புல் வெட்டும் ஆட்கள் மறுபடி வந்தார்கள். நான் வீட்டில் இல்லை. மேல்படியில் கேட்ட கதை இது: கரடிக்குப் பயந்த கீழ்வீட்டு அக்கா அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றிருக்கிறார். "புல்லை வெட்டுங்க. அந்தச் சிவப்புத் துணி கட்டினது என் பையன் வெச்சது. அதுல கத்தி பட்டுது, அவ்வளவுதான்." அவர்களும் நல்லவர்கள்தான், எது புல் எது கன்று என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அவர்களிடமே மிச்சத் துணியைக் கொடுத்து மற்ற கன்றுகளுக்கும் கட்டச் சொல்லியிருக்கிறார் அக்கா.

இப்போது கார்டைட் ஐயாவின் செண்பகம் என் இடுப்பு உயரம். வேண்டாம் என்ற நான்கு வீடுகளில் இரண்டு அடுத்த விதைக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. விக்கி இரண்டும் உயிரோடு இருக்கின்றன, ஒரு சாண்கூட வளரவில்லை.

ஒரே ஒரு செண்பகம் படத்தை மீறி, பாட்டி வெயிலுக்குள் நிற்கிறது. நட்டது யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிடுங்கி மாற்றி வைக்கலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். கைத்தடியை அதன் பக்கத்தில் ஊன்றி அளந்து பார்த்தார். "இன்னும் தடி உசரம் வரல. துணிக்கொடிக்கு எட்ட ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். "அப்ப நான் கொடிய மாத்திக் கட்டிக்கறேன், போ."