ஒரு பாயில் ஆறு பேர்

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்ட செயலாளர், துடுப்பாட்ட அணியைப் பற்றி எழுதலாமே என்றும் சொன்னார். அதை எழுத வல்லவர்கள் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது எந்த மலரிலும் இதுவரை இடம்பெறாத ஒன்று: 1992, 1993ஆம் ஆண்டுகளில் நமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவில் காலை வேளைகளில் நடந்த வாசிப்புக் குழுக்கள். கல்லூரியில் நீ கற்றவற்றுள் பெரியது எது என்று யாராவது கேட்டால், அந்தப் பாயில் உட்கார்ந்து கற்றதைத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டுகளை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தாளும் அருமையாகிவிட்டன. பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம் அப்போதும் இடிபாடாகவே கிடந்தது. வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் கோயில் மடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நமது ஆரம்பப் பிரிவில் வந்து சேர்ந்தபோது ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பு வயதில் இருந்த பலருக்கு இரண்டாம் வகுப்பே ஒழுங்காக நடந்திருக்கவில்லை.

ஆரம்பப் பிரிவுத் தமிழ் ரீச்சர்தான் இதை முதலில் கண்டுகொண்டவர். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாடம் வாசிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பதுபோலத்தான் தெரியும். மயிலிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு சிறுவனுடைய குரல் அந்த வகுப்பிலேயே உரத்த குரல். ரீச்சர் அவனருகே போய் நின்று விரலைக் கவனித்திருக்கிறார். வாய் நான்காவது வரியில் இருக்க, விரல் இரண்டாவது வரியில் நின்றது. பாடம் முழுவதையும் கேட்டுக் கேட்டே மனனம் செய்திருந்தான். நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது அவனால் ஓர் எழுத்துக்கூட நகர முடியவில்லை. அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளையை மந்தமானவன் என்று ஒதுக்கிவிட முடியுமா என்று ரீச்சர் அதிபரிடம் வாதாடினார். அதன் பிறகுதான் சாதாரண தர வகுப்பு மாணவர்களான எங்களை அழைத்தார்கள்.

பாடவேளை தொடங்குவதற்கு முன்னர், விறாந்தையில் ஆளுக்கொரு பனையோலைப் பாய். ஒரு பாயில் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர், எங்களில் ஒருவர். வாசிக்கப் புத்தகம் இல்லை. வகுப்புப் பாடநூல் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் என்பதால் அது உதவாது என்றார் ரீச்சர். அவரே சின்னச் சின்னக் கதைகள் எழுதினார்: கிணற்றடி, வடலிக்குள் தொலைந்த ஆட்டுக்குட்டி, நல்லூர்த் திருவிழா. பழைய பரீட்சைத் தாள்களின் மறுபக்கத்தில் அவற்றைப் பெரிய எழுத்தில் ஐந்து பிரதிகளாக எழுதுவது எங்கள் வேலை. இரவில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து எழுதுவோம். ஐந்து பிரதி என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கதை இருக்கவேண்டும். ஒருவன் வாசிக்கும்போது மற்றவர்களின் கண்ணும் அந்த வரியில் ஓடவேண்டும்.

எங்களுக்கு அவர் தந்த பயிற்சியில் பெரும்பகுதி, பேசாமல் இருப்பதற்கான பயிற்சிதான். பிள்ளை ஒரு சொல்லில் தடக்கி நின்றால் மனதுக்குள் ஐந்துவரை எண்ணவேண்டும். அதற்கு முன் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற பிள்ளையையும் சொல்லவிடக் கூடாது. “வாய் திறக்காதே தம்பி, அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்” என்று பின்னால் நின்று மெல்லச் சொல்வார். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் எத்தனையோ பிள்ளைகள் தாமாகவே சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கண்டுபிடித்த சொல் பிறகு மறப்பதில்லை.

கொம்பு வருகிற எழுத்துகள்தான் பெரும் தொல்லை. ‘கொக்கு’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகிய பிள்ளை அந்தக் கொம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ரீச்சர் கொம்பையும் எழுத்தையும் அரவையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்து, “இது மூன்று இல்லை, ஒரே வீடு” என்று காட்டுவார். நீண்ட சொற்களுக்கு வேறு வழி. ‘பறந்துகொண்டிருந்தது’ என்று வந்தால் உள்ளங்கையால் சொல்லை மூடி, ‘பறந்து’ மட்டும் தெரியவிடுவோம். அது வந்ததும் கையைக் கொஞ்சம் நகர்த்தினால் ‘கொண்டு’. மூன்றாம் முறை கையை எடுத்ததும் பிள்ளை முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். நான் பிறகு எத்தனையோ பட்டமளிப்பு விழாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிர்வுக்கு ஈடாக எதையும் காணவில்லை.

‘இருக்கிறது’ என்று எழுதியிருப்பதை ‘இருக்கு’ என்று வாசிக்கும் பிள்ளையைத் திருத்தவேண்டாம் என்பதும் ரீச்சரின் கட்டளை. பொருள் விளங்கி வாசிப்பதால்தான் அது தன் வீட்டுப் பேச்சில் வருகிறது, அடுத்த மாதம் தானாகவே எழுத்துக்கு வந்துவிடும் என்பார். அப்படியே வந்தது.

மயிலிட்டிச் சிறுவன் என் பாயில்தான் இருந்தான். கதைகளைவிட அவனை வேகமாக இழுத்தது அவர்களுடைய நிவாரண அட்டை. ஒருநாள் அதைக் கொண்டுவந்து அரிசி, மா, பருப்பு, சீனி என்று விரல் வைத்து வாசித்துக் காட்டினான். அதுவரை கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய அம்மம்மா, அதன் பிறகு அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனாராம். அடுத்த நாளே ரீச்சர் சங்கக்கடை வரிசையை வைத்து ஒரு கதை எழுதினார்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், அங்கிருந்த உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை அங்கே வளர்த்தெடுத்து, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த மெட்ராஸ் கல்லூரி ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த முறை, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்துவதற்காகப் பெயர்பெற்றது. ஒப்புவிக்கும் ஒழுங்கே அதில் முதன்மையாக இருந்தது. எங்கள் ரீச்சர் செய்தது அதனினும் மேலானது என்று உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் பக்கத்தில் இருந்து கேட்க ஒருவரை அவர் உண்டாக்கிக் கொடுத்தார்.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எல்லாம் சிதறிப்போயிற்று. கைப்பிரதிக் கதைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொடிகாமம் பக்கத்தில் ஒரு மாமரத்தடியில் ரீச்சர் மறுபடியும் பிள்ளைகளை ஐந்தைந்தாக இருத்தியதாகக் கேள்விப்பட்டேன். அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

லண்டனுக்கு வந்த பின்னர் இங்குள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் தொண்டராகப் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்கப் போகிறேன். 1998இல் இங்கிலாந்து அரசு ஆரம்பப் பள்ளிகளில் நாள்தோறும் ‘எழுத்தறிவு மணிநேரம்’ ஒன்றைக் கொண்டுவந்தபோது சிறு குழு வாசிப்பும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. சில பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் அதே நூல், பக்கத்தில் ஓர் ஆசிரியர். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. தாளும் விளக்கும் இல்லாத ஊரில் ஒரு ரீச்சர் தன் அறிவாலேயே அங்கு போய்ச் சேர்ந்திருந்தார்.

நமது சங்கம் கல்லூரிக்கு நிறையச் செய்திருக்கிறது. நுழைவாயிலும் கணினி அறையும் கண்ணுக்குத் தெரியும் பணிகள், அவற்றை மதிக்கிறேன். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தனியார் வகுப்புகளில் நூறு பிள்ளைகள் ஒலிபெருக்கியில் பாடம் கேட்கும் இந்நாளிலும் வாசிக்கத் தடக்கும் பிள்ளைகள் நமது ஆரம்பப் பிரிவில் இருக்கிறார்கள் என்று அங்குள்ள ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய தொகை இல்லை. நல்ல தமிழ்ச் சிறுவர் நூல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பிரதிகள், பாய்கள், காலையில் நேரத்தோடு வருகிற மூத்த மாணவர்களுக்கும் சின்னவர்களுக்கும் தேநீரும் பணிசும், அவர்களைப் பழக்குவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு முன்னரே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.