ஓடிபிசி 18 செஞ்ச வேலை
கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு கடை. எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல ஓடற பில்லிங். பில்லிங்கை டேட்டாபேஸோட இணைக்கற ஓடிபிசி டிரைவரை 17லேர்ந்து 18க்கு மாத்தினேன், அவ்ளோதான். சர்வரோட அடையாளச் சீட்டான சர்டிபிகேட்டை நம்ப முடியலைன்னு கனெக்‌ஷனே எடுக்கலை. 17ல என்கிரிப்ட், அதாவது டேட்டாவைப் பூட்டி அனுப்பறது, நாம கேட்டாத்தான். 18ல கேக்காமலே ஆன். இத்தனை நாளா கடைக் கணக்கு லேன்ல (கடைக்குள்ள இருக்கற நெட்வொர்க்) அம்மணமாத்தான் போயிருக்கு!

"டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட்டுக்கு யெஸ் போட்டுட்டு வாடா"ன்னார் சீனியர், போன்ல. போட்டா, சர்டிபிகேட்டைச் சரிபாக்காமலே ஓடும்தான். ஆனா எதிர்ல இருக்கறது நம்ம சர்வரான்னு யாரு பாக்கறது? தாழ்ப்பாள் போட்டுட்டு, யார் தட்டினாலும் திறக்கற கதை.

புது சர்டிபிகேட் போட்டு, எல்லா கம்ப்யூட்டர்லயும் நம்பகப் பட்டியல்ல ஏத்தினேன். அப்பவும் எர்ரர். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல (எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற வரி) ஐபி நம்பர், சர்டிபிகேட்ல சர்வர் பேரு! ரெண்டும் ஒத்துப்போகலை. இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், மூணு டீ.

திருப்பாதிரிப்புலியூர் வந்து சேந்தா, பாண்டி பஸ் அப்பத்தான் கிளம்பிச்சாம்.