வாப்பா பார்க்காத குளம்

எங்கட வீட்டில் "இங்கினியாகலைத் தண்ணி", அதாவது இங்கினியாகலைக் குளத்திலிருந்து வாய்க்காலில் வயலுக்கு வருகிற தண்ணி என்றால் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. வந்திட்டா, இன்னும் வரல்லையா, நாளைக்கு வரும் என்று, தண்ணி பங்கிடுகிற வட்டவிதானையார் சொன்னாரா என்று வருடம் முழுக்க இதே விசாரிப்பு. சம்மாந்துறையில் வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கட வயல். மேலே உள்ளவர்கள் எடுத்து மிஞ்சினதுதான் எங்களுக்கு. நாற்பது வருடமாக, வரப்பில் தண்ணி திறந்துவிடுகிற வக்கடையில் நின்று அந்தத் தண்ணிக்குக் காவல் இருந்த வாப்பா, அது புறப்படுகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

மழையை நம்பின பெரும்போக நெல்லை வெட்டி முடிந்த கையோடு, குளத்துத் தண்ணியை நம்பின சிறுபோகம் தொடங்க முதல், மார்ச் கடைசியில் ஒருநாள் சுபஹு தொழுதிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அம்பாறை டவுன் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. இங்கினியாகலையில் டிக்கட் எடுத்து, லைஃப் ஜாக்கெட் போட்டு, படகில் ஏறும்போது வாப்பா சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார், வயலுக்குள் இறங்குகிற மாதிரி.

சேனாநாயக்க சமுத்திரம் என்ற பேர் பொய்யில்லை. இலங்கையில் இதைவிடப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. எங்கட பக்கத்தில் பட்டிப்பளை ஆறு என்று சொல்லுவோமே, அந்தக் கல்லோயாவை மறித்துக் கட்டினது. திட்டம் தொடங்கியது 1949இல். தண்ணி பிடிக்கிற காட்டைக் காப்பாற்ற 1954இல் சுற்றி உள்ள 25,900 ஹெக்டேயரைத் தேசிய பூங்காவாக்கினார்கள். வயலுக்காகப் பிறந்த காடு என்றுகூடச் சொல்லலாம்.

கரை மறைந்த பிறகு தண்ணிக்குள் செத்த மரங்கள் நின்றன. எழுபது வருடத்துக்கு முன் மூழ்கின காட்டின் மிச்சம். பட்டையெல்லாம் உரிந்து எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம், செட்டையை விரித்துக் காயப் போட்டபடி.

படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். தண்ணிக்கு மேல் ஒரு கறுப்புக் கொம்பு போல ஏதோ நீட்டிக்கொண்டு நகர்ந்தது. தும்பிக்கை. மூச்சு விடும் "புஸ்" சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு நீந்திப் போகிறது. கொஞ்ச நேரத்தில் முதுகு எழும்பியது, பிறகு முழு யானையும் சேற்றில் கால் ஊன்றி ஏறி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் புல் பிடுங்கத் தொடங்கியது. எங்கட வயல்வெளிக்குள் யானை இறங்கினால் பட்டாசு கொளுத்துகிற வாப்பா மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச நிக்கக்குள்ள எவ்வளவு மரியாதையா நிக்கிது, பாத்தியா மகன்."

தூரத்தில் நீலமாக மலைகள். அந்தப் பக்கம் நில்கலைக் காடு. கடுக்காய், தான்றி, நெல்லி எல்லாம் புல்வெளிக்குள் தானாக வளர்கிற இடம் அது. அங்கேதான் ஹெனெபெத்த என்ற இடம். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரைப் பற்றி ஆராய வந்த செலிக்மன் தம்பதியர் அங்கிருந்த பெந்தியாகல குகையில் வேடக் குடும்பங்கள் வாழ்வதைப் பார்த்தார்கள். அதே குகையின் தரையைத் தோண்டியபோது வெள்ளைப் படிகக்கல்லில் செய்த கற்காலக் கருவிகள் கிடைத்தன. இலங்கையின் கற்கால மனிதர் செய்த இப்படியான கருவிகளில் சில, விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அதை வைத்து அறுத்து, சீவி, அம்புக்கும் பொருத்தியிருக்கிறார்கள். மேலே அடுப்பு மூட்டி மனிதர் இருக்க, கீழே மண்ணுக்குள் அவர்களுக்கும் முந்தியவர்கள் வைத்துவிட்டுப் போன சாமான்.

எங்களுக்கு அந்தக் குகை வரைக்கும் போகக் கிடைக்கவில்லை. படகு அந்தத் திசைக்குக் கொஞ்சம் திரும்பியதோடு சரி. ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. வேடர் வேட்டையாடித் திரிந்த காட்டில் ஒரு பகுதி இப்போது எங்கட படகுக்குக் கீழே. ரத்துகலைப் பக்கம் அவர்களுடைய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். வாகரைக் கரையில் உள்ள வேடர் நம்மைப் போலத் தமிழ்தான் பேசுவார்கள். அதைப் படகுக்காரரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அப்ப நம்மட வயலுக்கு வாற தண்ணி அவங்கட காட்டுக்கு மேலயா நிக்கிது?" வாப்பா கேட்டார். ஓம் என்றேன். குனிந்து கையை நனைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. விசிறியில் பழைய வலைத்துண்டு சுற்றியிருந்தது. அதை வெட்டி எடுக்க அரைமணி நேரம், தலைக்கு மேல் நல்ல வெயில். நான் புறுபுறுத்தேன். வாப்பாவின் கண் மட்டும் கரைப் பாறையில். தண்ணி நின்று வற்றின கறை அதில் கோடு கோடாகத் தெரிந்தது. மேல் கோட்டுக்கும் இப்போதைய தண்ணிக்கும் நடுவில் எத்தனை முழம் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிறுபோகம் செய்யலாம் மகன். நாளைக்கே விதநெல்லுக்குச் சொல்லி வைக்கணும்."