மேலேயும் வலி, கீழேயும் வலி

வலது அடிவயிற்றில் வலி என்றால் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்), வலது விலாவுக்குக் கீழே என்றால் பித்தப்பை என்று கேஷுவாலிட்டியில் கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். இரண்டு இடத்திலும் வலியோடு ஒருவர் வந்தால், நோய் ஒன்றுதான், வலி பரவியிருக்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். பித்தப்பையிலிருந்து கசியும் சீழ், ஏறு பெருங்குடலின் வெளிப்பக்கப் பள்ளம் வழியாக இறங்கி குடல்வால் வலிக்கும் இடமான வலது அடிவயிற்று மெக்பர்னி புள்ளியில் வலிக்க வைக்கும். முன்சிறுகுடல் புண் ஓட்டையானாலும் இதே ஏமாற்று வேலை நடக்கும். கல்லீரலுக்கு அடியில் ஏறிக் கிடக்கும் குடல்வாலோ பித்தப்பை போலவே வலிக்கும்.

அரிதாக, இரண்டுமே உண்மையில் ஒரே நேரத்தில் அழன்றிருக்கும். அதைத் தவறவிடுவது பெரும்பாலும் ஸ்கேன் அறையில்தான். பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய கல், 4 மி.மீ. தடித்த சுவர், சுற்றிலும் நீர், ஸ்கேன் கருவியின் முனையை (ப்ரோப்) பித்தப்பை மேல் அழுத்தினால் எழும் மர்ஃபி வலி. காரணம் கிடைத்துவிட்டதென்று கை அங்கேயே நின்றுவிடுகிறது. கீழேயும் இறங்கிப் பார்க்க வேண்டும்: 6 மி.மீ.க்கு மேல் தடித்து, அமுக்கினாலும் சப்பையாகாத குழாய் இருக்கிறதா? குடல்வால் 'தெரியவில்லை' என்பதற்கு 'நன்றாக இருக்கிறது' என்று பொருள் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி சி.டி., கர்ப்பிணி என்றால் எம்.ஆர்.ஐ. ரத்தத்தில் பிலிருபின் (பித்த நிறமி) லேசாக ஏறியிருப்பதை வைத்துப் பித்தப்பைதான் என்று முடிவு கட்டாதீர்கள். குடல்வால் வெடித்தாலும் அது ஏறும்.

உடல் தாங்குமானால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவையில்) எடுத்துவிடலாம். தொப்புள் துளை இரண்டுக்கும் பொது. மற்ற துளைகளைப் போடுமுன் கேமராவால் முழு வயிற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். அவசரப்பட்டால் துளைகளின் எண்ணிக்கைதான் கூடும். பித்தப்பைக்கு அறுவை மேஜையின் தலைப்பக்கம் மேலே, குடல்வாலுக்குத் தலைப்பக்கம் கீழே. இரண்டுக்கும் மேஜை இடப்பக்கம் சாய வேண்டும். எது முதலில்? எது கசிகிறதோ அது என்பேன். பித்தப்பைக்குள் போகும் இரண்டே குழாய்கள் (பித்தக்குழாயும் ரத்தக்குழாயும்) தெளிவாகத் தெரியும்வரை கிளிப் போடக் கூடாது. அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடந்தால், பித்தப்பையைப் பாதியளவில் வெட்டி நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

எடுத்தவற்றைத் தனித்தனி டப்பாவில் பெயரெழுதி, திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜிக்கு அனுப்புங்கள். குடல்வாலின் வெளிச்சுவரில் மட்டும் அழற்சி இருந்தால் அது பித்தப்பைச் சீழ் தொட்ட வினை. உட்சவ்விலிருந்து தசை வரை அழன்றிருந்தால்தான் இரண்டாவது நோய்.